ஆவிக்குரிய வாழ்க்கையைப் பேணுவது எப்படி: வரிசைப்படியான ஒரு வழிகாட்டி

ஜெபமும் வேதவாசிப்பும் மெல்ல மெல்லக் கைவிட்டுப்போன விசுவாசிகளுக்காகவும், புதிதாக விசுவாசத்துக்குள் வந்து அன்றாடப் பழக்கத்தை எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது. இவர்களுள் பெரும்பாலோருக்கு ஆர்வம் குறைவாக இருப்பதில்லை. கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்வதினாலேயே தடுமாறுகிறார்கள். ஓர் எழுப்புதல் கூட்டம் முடிந்த இரவில், அதிகாலை நான்கு மணிக்கு ஜெபம், ஓராண்டில் முழு வேதாகமம், வாரம் ஒருநாள் உபவாசம், சபையில் ஒரு புதிய பொறுப்பு என்று நான்கு தீர்மானங்களை ஒரே மூச்சில் எடுக்கிறார்கள். சில வாரங்களில் நான்கும் சேர்ந்தே விழுகின்றன. அதற்குப் பின் வரும் குற்றவுணர்வு, முன்பிருந்த வறட்சியைவிடப் பாரமானது.

வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம் அதிகாரத்தில், ஆதி அன்பை விட்டுவிட்ட எபேசு சபைக்கு ஆண்டவர் மூன்று காரியங்களைச் சொல்கிறார்: எந்த நிலையிலிருந்து விழுந்தாய் என்பதை நினைக்கவேண்டும், மனந்திரும்பவேண்டும், ஆதியில் செய்த கிரியைகளைச் செய்யவேண்டும். அந்தச் சபையில் பிரயாசமும் பொறுமையும் ஏற்கெனவே இருந்தன. புதிய கிரியை எதையும் அவர் கேட்கவில்லை. கீழே வரும் படிகள் ஏறக்குறைய அந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. ஒரு படி இரண்டு வாரமாவது நிலைத்தபின் அடுத்ததற்குப் போவது நல்லது.

தொடங்குமுன் தேவையானவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று, சாதாரண நோட்டு ஒன்று, பேனா ஒன்று. கைப்பேசியில் வேதாகமம் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதே திரையில் அலுவலகச் செய்தியும் குடும்பக் குழுவின் படங்களும் வந்து விழுகின்றன. பத்தாவது வசனத்தில் ஓர் அறிவிப்பு எட்டிப்பார்த்தால், பதினொன்றாம் வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. கண்பார்வைக் குறைவினாலோ வேறு தேவையினாலோ கைப்பேசியில்தான் வாசிக்கமுடியும் என்பவர்கள், அந்த நேரத்துக்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிடவேண்டும்.

பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், எளிய தமிழில் வந்த மொழிபெயர்ப்பு ஒன்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயது முதல் காதில் விழுந்த வசனங்களின் ஓசை பழையதில்தான் இருக்கிறது என்பது உண்மையே. இருந்தாலும் புரியாத பக்கத்தைப் பயபக்தியோடு புரட்டுவது வாசிப்பாகாது.

விளக்கவுரைகளும் தினதியானப் புத்தகங்களும் இப்போதைக்கு வேண்டாம். அவை பயனற்றவை என்பதால் அப்படிச் சொல்லவில்லை. வேறொருவர் வசனத்தில் கண்டதை வாசித்து முடித்தவுடன் தாமே கண்டதுபோன்ற நிறைவு வந்துவிடுகிறது. வசனத்தின் முன் தானாக உட்காரும் பழக்கம் அதனால் தள்ளிப்போகிறது.

1. முதலில் உடலின் நிலையைப் பாருங்கள்

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி கேட்ட சம்பவம் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பிரசங்கிக்கவும் இல்லை. அவன் தூங்கினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கிடைத்தன, மறுபடியும் தூங்கினான், மறுபடியும் புசித்தான். ஓரேப் மலையில் கர்த்தரின் மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது இதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே, ஜெபத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன் என்று அதைப் பாவமாக அறிக்கையிடுகிறவர்கள், முதலில் முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு வாரத்துக்குத் தூங்கும் நேரத்தை நோட்டில் குறியுங்கள். பலருடைய ‘ஆவிக்குரிய சோர்வு’ அந்த ஏழு வரிகளிலேயே விளங்கிவிடும். அதிகாலை ஜெபம் வேண்டுமானால் அதற்கான தீர்மானத்தை முந்தின இரவில்தான் எடுக்கவேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் பற்றாமல், அழுகையோ வெறுமையோ நீங்காமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்படிப்பட்டவரிடம், விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று, இன்னும் அதிகமாக ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. மருந்து உட்கொள்வதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல.

2. எங்கே நின்றுபோயிற்று என்பதைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். நான் எப்படிப்பட்ட கிறிஸ்தவன் என்ற கேள்வியோடு உட்காராதீர்கள். அதற்குத் தற்பெருமையோ தன்னிரக்கமோதான் பதிலாக வரும். கடைசியாக ஜெபிப்பது இயல்பாக இருந்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஏதாவதொரு சம்பவமாக இருக்கும்: இரவுப்பணி தொடங்கிற்று, குழந்தை பிறந்தது, சபையில் ஒரு சண்டை வந்தது, உருக்கமாய் ஜெபித்தும் ஒருவர் இறந்துபோனார், வெளியே தெரியாத ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நாளின் ஒழுங்கு மாறியதால் நின்றுபோனவருக்கு மூன்றாம் படியே ஏறக்குறைய முழு மருந்தாக அமைந்துவிடும். தேவன்மேல் வருத்தம் கொண்டவர் எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் மௌனமாகவே உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஐந்தாம் படியில் சொல்லப்படும் புலம்பலின் சங்கீதங்கள் தேவை. மறைவான பாவத்தில் இருப்பவர் ஆறாம், ஏழாம் படிகளை முன்னுக்குக் கொண்டுவரவேண்டும். இந்த வழிகாட்டியில் வரிசை மாறலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் அதுதான்.

இங்கே நிகழும் தவறு, அரைமணி நேரத்தை மூன்று நாளாக நீட்டி, பிறந்தது முதல் செய்த பிழைகளையெல்லாம் பட்டியலிடுவது. 139-ஆம் சங்கீதம், ‘தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்’ என்று முடிவில் வேண்டுகிறது. ஆராய்கிற வேலை தேவனுடையது. கண்டது ஒன்றை எழுதி, அந்த வேண்டுதலோடு நோட்டை மூடிவிடுங்கள்.

3. நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள்

பதினைந்து நிமிடம். இதைக் கேட்டதும் ஆர்வமுள்ளவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர், வேலை மிகுந்த ஒருநாளில் முழு மணி நேரம் கிடைக்காததால் அன்று எதையுமே செய்யாமல் விடுகிறார். பதினைந்து நிமிடம் எந்த நாளிலும் கிடைக்கும். ஒரு மாதம் தவறாமல் நடந்தபின், நேரம் தானாகவே நீளும். நீளாவிட்டாலும் குற்றமில்லை.

விடியற்காலையில்தான் ஜெபிக்கவேண்டும் என்ற சட்டம் வேதாகமத்தில் இல்லை. மாற்கு 1:35-இல் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார்; உண்மைதான். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம் செய்ய வெளியே போனான். தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான். 55-ஆம் சங்கீதக்காரன் அந்தி சந்தி மத்தியானம் என்று மூன்று வேளைகளைச் சொல்கிறான். இரவுப்பணி முடித்து வீடு திரும்புகிறவரும், கைக்குழந்தையோடு இருக்கும் தாயும் அதிகாலையைப் பிடிக்க முயன்று தோற்று, தங்களுக்கு ஜெபவாழ்க்கையே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நாளில் எந்த வேளை உங்களுடையதோ அதைக் குறியுங்கள். ஏற்கெனவே நிலைத்திருக்கும் ஒரு பழக்கத்தோடு, குளித்து முடித்தவுடன், குழந்தை தூங்கியவுடன், வண்டியில் ஏறி உட்கார்ந்தவுடன் என்று அதை இணைத்துவிட்டால் தனியாக நினைவுபடுத்தவேண்டிய அவசியம் இராது.

இடமும் மாறாமல் இருக்கட்டும். உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டு என்று ஆண்டவர் சொன்னதை வாசிக்கும்போது, ஒரே அறையில் நான்கு பேர் வாழும் வீட்டினர் நெருடலாக உணர்வதுண்டு. மனிதர் காணும்படி ஜெபிப்பதை விலக்குவதற்காகவே அந்த வார்த்தை சொல்லப்பட்டது. சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி, மாடிப்படியின் ஒரு படி, பேருந்தின் ஜன்னலோர இருக்கை எதுவானாலும் போதும். இந்த நேரத்தில் என்னைக் கூப்பிடவேண்டாம் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டு, யாராவது கூப்பிட்டதும் எரிந்துவிழும் விசுவாசிகளைப் பார்த்தே சில வீடுகளில் பிள்ளைகள் ஜெபத்தை வெறுத்திருக்கிறார்கள்.

4. வாசிப்பைச் சுவிசேஷத்தில் தொடங்குங்கள்

புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வாசித்தால் ஓராண்டில் முடியும். கணக்கு சரிதான். ஆனால் ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிப்பவர், அந்த மாதம் 25-ஆம் தேதி வாக்கில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளுக்குள் நுழைந்து, மாதக் கடைசியில் லேவியராகமத்தின் பலிகளுக்கு வந்துவிடுகிறார். அந்தப் பலிகள் எதைச் சுட்டுகின்றன என்று அறியாத புதியவர் அங்கேதான் நின்றுவிடுகிறார். குறை அவருடைய பக்தியில் இல்லை, வாசிப்பின் வரிசையில் இருக்கிறது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரங்கள், நடை விறுவிறுப்பானது. நாளொன்றுக்கு ஒரு சம்பவம் போதும். அதை இரண்டுமுறை வாசியுங்கள், இரண்டாம் முறை மெல்லிய குரலிலாவது வாய்விட்டு வாசியுங்கள். கண் தாண்டிவிட்ட சொற்களைக் காது பிடித்துக்கொள்ளும். பின்பு மூன்று கேள்விகள், இதே வரிசையில்: இங்கே என்ன நடக்கிறது? இது கிறிஸ்துவைப் பற்றி எதைக் காட்டுகிறது? இன்று நான் எதற்குப் பதில் சொல்லவேண்டும்?

நான்காம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கடலில் பெருங்காற்று எழும்பிய சம்பவம். அவசரமாக வாசிப்பவர், என் வாழ்க்கையிலும் புயல் இருக்கிறது, இயேசு அதை அமர்த்துவார் என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். முதல் கேள்வியில் பொறுமையாக நின்றவர் வேறு சிலவற்றைக் காண்பார். ‘அக்கரைக்குப் போவோம் வாருங்கள்’ என்று அழைத்தவர் இயேசுவே. சீஷர்கள் புயலுக்குள் போனது கீழ்ப்படிந்ததினால். அவர் கப்பலின் பின்பகுதியில் தலையணையின்மேல் தலைவைத்துத் தூங்குகிறார். தலையணையைக் குறிப்பிடுபவர் மாற்கு ஒருவரே. கூடவே வேறு படவுகளும் இருந்தன. அவையும் அதே காற்றில் இருந்திருக்கும், அமைதலும் அவற்றுக்குச் சேர்ந்தே கிடைத்திருக்கும். சீஷர்களின் வார்த்தையோ வேண்டுதல்போல ஒலிக்கவில்லை, குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது: நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா? எல்லாவற்றையும்விட வியப்பு, காற்று அமர்ந்த பின்பே அவர்கள் ‘மிகவும் பயந்து’, இவர் யாரோ என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். காற்றைக் கண்டு வந்த பயத்தோடு, காற்றுக்குக் கட்டளையிட்டவரைக் கண்டு வந்த பயமும் இங்கே இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. மூன்றாம் கேள்வியின் விடை அவரவருடையது. ‘உமக்குக் கவலையில்லையா’ என்று மனதுக்குள் அடக்கிவைத்திருந்ததை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்வதாகக்கூட அது இருக்கலாம்.

கண்டதில் ஒரே வாக்கியத்தை நோட்டில் எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்குபவர்கள் சில நாளில் எழுத்தையும் வாசிப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

மாற்குவுக்குப் பின் பிலிப்பியர் போன்ற ஒரு சிறிய நிருபம், அதன்பின் யோவான், அதன்பின் ஆதியாகமமும் யாத்திராகமமும் என்று போகலாம். லேவியராகமத்தை எபிரெயருக்கு எழுதின நிருபத்தோடு சேர்த்து வாசிக்கும்படி நான் சொல்வது வழக்கம். பலியும் ஆசாரியனும் யாரைக் குறிக்கின்றன என்பதை அந்த நிருபம் விளக்குவதால், கடினமான அதிகாரங்களுக்கும் ஒரு கைப்பிடி கிடைக்கிறது.

இரண்டு பிழைகளை விலக்கவேண்டும். வேதாகமத்தைக் கண்ட இடத்தில் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்வது ஒன்று. யாரிடம், எதற்காகச் சொல்லப்பட்டது என்பதையே அந்தப் பழக்கம் மறக்கச் செய்கிறது. மற்றது, பிரசங்கிப்பவர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் விழும் குழி: எந்த வசனத்தைப் பார்த்தாலும் இதை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லலாம் என்றே நினைப்பது. இப்படிப்பட்டவர்கள் பிரசங்கத்துக்கோ பாடத்துக்கோ ஆயத்தமாக எடுக்கும் பகுதியைத் தவிர்த்து, வேறொரு புத்தகத்திலிருந்து தங்களுக்காக வாசிக்கவேண்டும்.

5. வாசித்ததிலிருந்தே ஜெபியுங்கள்

வாசிப்புக்குப் பின் ஜெபத்தை வைப்பதற்குக் காரணம், வெறுங்கையோடு முழங்காற்படியிடுபவர் தம் கவலைகளைத் தவிர வேறெதையும் கொண்டுவர இயலாது என்பதே. புதியவர்களின் ஜெபம் தேவைகளில் தொடங்கி, தேவைகள் தீர்ந்ததும் முடிந்துவிடுகிறது; மூன்று நிமிடத்துக்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று அவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் வரிசையைப் பாருங்கள். நாமம், ராஜ்யம், சித்தம் என்ற மூன்றும் முதலில் வருகின்றன. அன்றன்றுள்ள அப்பம், மன்னிப்பு, தீமையினின்று இரட்சிப்பு என்பவை அதற்குப் பின்னே வருகின்றன. பிதாவின் முன்னிலையில் நிற்கிறேன் என்பது மனதில் உறைத்தபின் அப்பத்தைக் கேட்கும்போது, அதே கேள்வி பதற்றமில்லாமல் வருகிறது. அன்று நோட்டில் எழுதிய வாக்கியத்தை அப்படியே தேவனை நோக்கித் திருப்பி, முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ட பகுதியானால், ‘ஆண்டவரே, நீர் போகச் சொன்ன வழியில் வந்துதான் இந்த நெருக்கத்தில் இருக்கிறேன், நீர் தூங்குகிறதுபோல எனக்குத் தோன்றுகிறது’ என்று தொடங்கலாம். அலங்காரம் தேவையில்லை. போதகருடைய குரலையும் சொற்களையும் கடன்வாங்கி ஜெபிப்பவர்கள், தங்கள் சொந்தக் காரியத்துக்கு வரும்போது வார்த்தையின்றி நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

மனம் அலைவது எல்லோருக்கும் உண்டு. கட்டவேண்டிய கட்டணம் நினைவுக்கு வந்தால் நோட்டின் ஓரத்தில் குறித்துவிட்டுத் தொடருங்கள். எழுதிவிட்டால் மனம் அதை மறுபடி நினைவூட்டாது. ஒரே ஆளின் முகம் திரும்பத் திரும்ப வந்தால் அதை விரட்டாதீர்கள், அவருக்காகவே ஜெபியுங்கள். பிறருக்கான ஜெபக்குறிப்புகள் பெருகும்போது, எல்லாப் பெயர்களையும் தினமும் ஒப்பிப்பதைவிட, வாரத்தின் நாள்களுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது.

சொற்களே வராத காலத்துக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்கும் 13-ஆம் சங்கீதம், ஆத்துமா கலங்குவதைப் பேசும் 42-ஆம் சங்கீதம், பாவத்தால் நொறுங்கியவருக்கு 51-ஆம் சங்கீதம் என்று தேர்ந்தெடுத்து, உங்கள் ஜெபமாகவே வாசியுங்கள். 88-ஆம் சங்கீதத்தைச் சபைகளில் அதிகம் வாசிப்பதில்லை. நம்பிக்கையின் வரி ஒன்றும் இல்லாமல் அது இருளிலேயே முடிகிறது. அப்படியொரு ஜெபம் வேதாகமத்துக்குள் இடம்பெற்றிருப்பது, தேவன்மேல் வருத்தத்தோடு இருப்பவருக்கு, எதையும் மறைக்காமல் அவரிடமே பேசலாம் என்ற அனுமதியைத் தருகிறது. துக்கத்தில் இருப்பவரை உடனே துதிக்கச் சொல்லி அவசரப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

6. பாவ அறிக்கையும் ஒப்புரவும்

வாசிப்பும் ஜெபமும் ஓரளவு நிலைத்தபின் இந்தப் படியை வைப்பதற்குக் காரணம், வசனத்தின் வெளிச்சம் இல்லாமல் தன்னை ஆராய்பவர் தாம் ஏற்கெனவே வெட்கப்படும் இரண்டொரு பாவங்களை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பதே.

குறிப்பாக அறிக்கையிடுங்கள். ‘என் பாவங்களையெல்லாம் மன்னியும்’ என்பது பொதுவான வார்த்தை. அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. ‘நேற்றுக் கூட்டத்தில் உடன் வேலை செய்பவரின் யோசனையை என்னுடையதுபோலச் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தும் திருத்தவில்லை’ என்பது அறிக்கை. பெயரிட்டுச் சொன்னது மன்னிக்கப்பட்டது என்று விசுவாசிப்பதும் எளிது. 1 யோவான் 1:9 தரும் வாக்குத்தத்தத்தை வாசித்து, அந்தக் காரியத்தை அதோடு விட்டுவிடுங்கள். ஒரே பாவத்தை ஐந்தாம் நாளும் அதே கண்ணீரோடு சொல்பவர் அந்த வாக்குத்தத்தத்தை நம்பவில்லை. ஆவியானவரின் உணர்த்துதல் இன்ன காரியம் என்று காட்டி, அடுத்து என்ன செய்யவேண்டும் என்ற வழியையும் காட்டும். வழி காட்டாமல், நீ எதற்கும் உதவாதவன் என்று பொதுவாக அழுத்துகிற குரலை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது மனிதரோடு ஒப்புரவாவது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது, ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு என்பதைக் காட்டுகிறது. மன்னிப்புக் கேட்கும்போது, ஆனால் நீங்களும் அன்றைக்கு, என்று தொடராதீர்கள். அந்த ‘ஆனால்’ வந்தவுடன் மன்னிப்பு வழக்காக மாறிவிடுகிறது. பணமோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தால் வார்த்தை மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவேண்டும். வரிவசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நான்கு மடங்காய்த்) திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

இதில் இரண்டு எச்சரிப்புகள். ஒருவர்மேல் நீங்கள் மனதுக்குள் மட்டும் கொண்டிருந்த பொறாமையையோ வெறுப்பையோ அவரிடமே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்காதீர்கள். உங்கள் பாரம் இறங்கும். அதுவரை ஒன்றும் அறியாதிருந்த அவர்மேல் அது ஏறிக்கொள்ளும். தேவனிடம் சொல்லுங்கள், தேவையானால் போதகரிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கர் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்வார்கள். இரண்டாவது, அடித்துத் துன்புறுத்தியவரையும் பாலியல் கொடுமை செய்தவரையும் மன்னிப்பது என்பது, மறுபடியும் அவர் கைக்குள் போய் நிற்பதோ குற்றத்தை மூடிமறைப்பதோ ஆகாது. பாதுகாப்பான இடத்துக்கு விலகுவதும் சட்டத்தின் உதவியை நாடுவதும் மன்னிப்புக்கு விரோதமல்ல. இதற்கு மாறாகச் சொல்கிற ஊழியரின் ஆலோசனையை ஏற்காதீர்கள்.

7. சபையும், கேள்வி கேட்கக்கூடிய ஒருவரும்

அப்போஸ்தலர் 2:42 ஆதி விசுவாசிகள் உறுதியாய்த் தரித்திருந்த நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இணையத்தில் செய்தி கேட்பவருக்கு உபதேசம் கிடைக்கிறது. மற்ற மூன்றும் உடன் விசுவாசிகளோடு கூடிவராமல் கிடைப்பதில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கும் பயணப்பட இயலாதவர்களுக்கும் ஒளிபரப்பு பெரிய உதவிதான். நடந்துபோகக்கூடியவருக்கு அது ஈடாகாது. வறட்சியான காலத்தில் சபையை மாற்றும் முடிவை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் வறட்சியை அடுத்த சபைக்கும் தூக்கிக்கொண்டுதான் போவீர்கள். தவறான உபதேசமோ அநீதியோ காரணமானால் அது வேறு.

கூட்டத்தைத் தவிர, ஒரே ஒருவர் தேவை. அவர் உங்களைவிடப் பரிசுத்தவானாக இருக்கவேண்டியதில்லை. கேட்டதை வெளியே சொல்லாதவராகவும், சங்கடமான கேள்வியைக் கேட்கக்கூடியவராகவும் இருந்தால் போதும். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக இருப்பது நல்லது. வாரம் ஒருமுறை, இந்த வாரம் எதை வாசித்தாய், எங்கே விழுந்தாய், யாரோடு மனத்தாங்கல் இருக்கிறது என்று கேட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தால் அந்தச் சந்திப்பு நிறைவடைந்தது. மறைவான பாவம், முக்கியமாகத் திரைக்குப் பின்னால் நடப்பவை, தனியாகப் போராடும்வரை விடுவதில்லை. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதன் பயன் அங்கேதான் தெரியும்.

ஜெபத்துக்காகச் சொல்கிறேன் என்ற முன்னுரையோடு மூன்றாம் ஆளின் கதை தொடங்கினால், பேச்சை நிறுத்திவிடுங்கள்.

8. உபவாசம்

முன்சொன்ன ஏழும் நிலைக்கும்வரை இதைத் தொடவேண்டாம். முதலில் ஒரே ஒரு வேளை உணவை விட்டு, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். நேரத்தை வேலையில் செலவிட்டால் அது வெறும் பட்டினி. நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்கள், உணவு பற்றிய மனநோயிலிருந்து மீண்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்கக்கூடாது. அவர்கள் கைப்பேசியையோ தொலைக்காட்சியையோ ஒருநாள் விலக்கிவைக்கலாம். ஏசாயா 58-ஆம் அதிகாரம் சொல்லும் உபவாசத்தில் பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்ந்துகொடுப்பதும் இருக்கிறது. மிச்சமான உணவு யாருக்குப் போகிறது என்பதையும் யோசியுங்கள்.

9. ஊழியமும் ஓய்வும்

சோர்ந்திருப்பவரிடம், ஏதாவது ஊழியத்தில் ஈடுபடு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் வழக்கம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. கால் முறிந்து கட்டுப்போட்டவரை ஓடச் சொல்வதைப் போன்றது அது. ஊழியம் மற்றப் படிகளிலிருந்து பெருகி வரவேண்டும். அவற்றின் இடத்தை அது பிடித்துவிடக்கூடாது. வேலையில் மும்முரமாயிருந்து குறைகூறின மார்த்தாளிடம் ஆண்டவர் கண்டது, அநேக காரியங்களைக் குறித்த கவலையும் கலக்கமும்தான்.

ஏற்கெனவே பொறுப்புகளில் இருப்பவர்களுக்கான படி, குறைப்பது. யாத்திராகமம் 18-இல் காலைமுதல் மாலைவரை நியாயம் விசாரித்த மோசேயிடம் அவன் மாமனாகிய எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொல்லி, வேலையைப் பகிர்ந்துகொடுக்கும் வழியைக் காட்டினான். உங்கள் பொறுப்புகளை நோட்டில் எழுதி, நீங்கள் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடியதை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படையுங்கள். விடுவது கடினமாக இருந்தால், அந்தப் பொறுப்பில் ஊழியம் எவ்வளவு, நம் பெயர் எவ்வளவு என்று கேட்டுப்பார்க்கலாம்.

வாரத்தில் ஒருநாள் ஓய்வாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சபை வேலையில் ஓடுகிற போதகருக்கும் பாடகர் குழுவினருக்கும் அது ஓய்வுநாளாகாது. அவர்கள் வேறொரு நாளைக் குறிக்கவேண்டும்.

10. இடையில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல், தேர்வு, பயணம், சோம்பல் என்று ஏதாவதொன்று வரும். அப்போது செய்யக்கூடாதது, விட்ட நாள்களின் வாசிப்பை ஒரே நாளில் ஈடுகட்ட முயல்வது. ஐந்து நாள் பாக்கியைச் சுமந்துகொண்டு ஆறாம் நாள் உட்காருபவர், ஏழாம் நாள் உட்காருவதில்லை. நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகுதியை, பதினைந்து நிமிடம், அன்றைக்கே வாசியுங்கள். தேதி அச்சிட்ட வாசிப்பு அட்டவணைகளை நான் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுவே. அவை நம்மைக் கடன்காரராக்கிவிடுகின்றன.

ஒழுங்காக நடந்தும் உள்ளத்தில் ஒன்றும் தோன்றாத வாரங்களும் உண்டு. முதல் இரண்டு படிகளை மறுபடி பார்த்து, குறையொன்றும் தென்படாவிட்டால், எதையும் மாற்றாமல் தொடருங்கள். உணர்வைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைவதால் அந்த நேரத்தில் ஒரு கிளர்ச்சி கிடைக்கலாம். பழக்கம் அதனால் சிதைகிறது.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்

எத்தனை அதிகாரம் வாசித்தேன், எத்தனை மணி ஜெபித்தேன் என்பது இங்கே அளவாகாது. ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் பரிசேயனும் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்ததைக் கணக்குச் சொன்னான். கலாத்தியர் 5-இல் ஆவியின் கனியாகச் சொல்லப்படும் ஒன்பதில், நீடியபொறுமையையும் இச்சையடக்கத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைவிட இவ்விரண்டில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது கடினம். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடம், இந்த மூன்று மாதத்தில் என் கோபம் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை விளக்கம் சொல்லாதீர்கள்.

அதன்பின் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டலாம், அடுத்த புத்தகத்துக்குப் போகலாம், அல்லது இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கலாம். இரண்டை ஒன்றாக மாற்றினால், ஏதாவது தடுமாறும்போது எதனால் என்று தெரியாமல் போய்விடும். மாற்றிய தேதியை நோட்டில் எழுதி, அடுத்த பரிசோதனை வரைக்கும் அதே ஒழுங்கில் தொடருங்கள்.